அப்பாவோட தான் கதைக்கோணும் எண்டு அந்த நேர்ஸ் ஏன் நிக்கிறா?

கேள்வி: அக்கா, நாங்கள் லண்டன்ல ஹரோவில இருக்கிறம். அப்பாக்கு 68 வயசு, 1989 இல இங்க வந்தவர், கனகாலம் பெற்றோல் ஷெட்டில வேலை செய்தவர், இங்கிலிஷ் வேலைக்குத் தேவையான அளவு தான். சீனி வருத்தம் இருக்கு. ரெண்டு மாசமா கக்கூசுக்குப் போகேக்க ரத்தம் போகுது எண்டு ஜீபியிட்ட, எங்கட குடும்ப டொக்டரிட்ட, போனவர், மலம் ரெஸ்ட் பண்ணினது, 38 எண்டு வந்திருக்கு. இப்ப ஹொஸ்பிட்டல் லெற்றர் வந்திருக்கு, அதில கான்சர் சந்தேகம், அவசர ரெஃபரல் எண்டு போட்டிருக்கு. நான் லெற்றரை ஒளிச்சு வைச்சிட்டன். அடுத்த நாள் ஒரு நேர்ஸ் ஃபோன் எடுத்தவ, கொலோரெக்டல், அதாவது பெருங்குடல் வருத்தம் பாக்கிற, ஸ்பெஷலிஸ்ட் நேர்ஸாம், அப்பாவோட கதைக்கோணுமாம், நான் மகள் எண்டு சொல்லியும் ஒண்டும் சொல்லேல்லை. லெற்றரில மக்மிலன் எண்டும் கிடக்கு. டொக்டர் எடுக்காமல் நேர்ஸ் எடுக்கிறா எண்டால் இனிச் செய்ய ஒண்டும் இல்லை எண்டு முடிவெடுத்திட்டினமா? பெரியப்பா மகரகம கான்சர் ஆஸ்பத்திரியில தான் செத்தவர், அந்தச் சொல்லைக் கேட்டாலே அப்பா உடைஞ்சு போடுவார். அவருக்குச் சொல்லாமல் எனக்கு மட்டும் சொல்லச் சொல்லி அந்த நேர்ஸிட்ட கேக்கலாமா? பேசாமல் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போவமா எண்டும் யோசிக்கிறம்.

பதில்:

தங்கச்சி, முதல்ல ஒண்டைச் சொல்லுறன், மிச்சத்தைப் பிறகு ஆறுதலா வாசியுங்கோ. அந்த நேர்ஸ் ஃபோன் எடுத்தது அப்பாக்கு கான்சர் எண்டு தெரிஞ்சதால இல்லை. இன்னும் ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத் தான் எடுத்தவ. நானும் லண்டன்ல ஒரு ஹொஸ்பிட்டல்ல இதே வேலை தான் செய்யிறன், கிழமைக்கு எத்தினையோ வீட்டுக்கு இப்பிடி ஃபோன் எடுக்கிறன், மற்றப் பக்கத்தில மூச்சு நிண்டு போற மாதிரி ஒரு அமைதி வரும், அது எனக்கு நல்லாத் தெரியும். உங்கட வீட்டிலயும் அண்டைக்கு அது தான் நடந்திருக்கும்.

அந்த 38 எண்ட நம்பரைப் பற்றி. மலத்தில கண்ணுக்குத் தெரியாத ரத்தம் எவ்வளவு இருக்கு எண்டு அளக்கிற ரெஸ்ட் அது, ஃபிற் எண்டு சொல்லுவினம். ஒரு கிராமுக்கு 10 மைக்ரோகிராம் அல்லது அதுக்கு மேல எண்டால் ஜீபி அவசரமா அனுப்போணும் எண்டு தான் இப்ப இங்கத்தை ஒழுங்கு. மூலம் இருந்தாலும் கூடும், குடலுக்குள்ள சின்ன முளை இருந்தாலும் கூடும், குடல் அழற்சி இருந்தாலும் கூடும், கான்சர் இருந்தாலும் கூடும். அப்ப 38 எண்டது உள்ளுக்கு ஒருக்கால் பாக்கோணும் எண்டு சொல்லுது, அதுக்கு மேல ஒண்டும் சொல்லேல்லை. அவசர ரெஃபரல் எண்ட சொல்லும் அப்பிடித்தான். இங்க டொக்டர்மாருக்கு வழிகாட்டி எழுதுற நைஸ் எண்ட அமைப்பு 2015 இல விட்ட வழிகாட்டியில, ஒரு அறிகுறிக்குக் கான்சரா இருக்கிற வாய்ப்பு 100 இல 3 எண்டாலே அனுப்பு எண்டு வைச்சிருக்கினம், வேணும் எண்டே அவ்வளவு கீழ வைச்சது, ஒருத்தரும் தப்பிப் போகக்கூடாது எண்டு. அதால தான் இந்த வழியால வாற 10 பேரில 9 பேருக்கு மேல கான்சர் இல்லை எண்டு சொல்லித் திருப்பி அனுப்புறம். மிச்ச ஆள் அப்பாவா இருக்கமாட்டார் எண்டு நான் சொல்லமாட்டன், எனக்கு அது தெரியாது, ஆனால் லெற்றரைப் பாத்தவுடன நீங்கள் நினைச்ச இடம் வேற, அது உண்மையில சொல்லுற இடம் வேற.

ஏன் டொக்டர் எடுக்கேல்லை எண்டு கேட்டிருக்கிறியள். எங்கட ஆக்களுக்கு நேர்ஸ் எண்டால் ஊசி போடுற, பிறஷர் பாக்கிற பிள்ளை. டொக்டர் கைவிட்ட பிறகு தான் நேர்ஸ் கதைக்க வருவா எண்ட நினைப்பு ஊரில இருந்தே எங்களோட வந்தது, அதில உங்கட பிழை ஒண்டும் இல்லை. ஆனால் இங்க இந்த ஸ்பெஷலிஸ்ட் நேர்ஸ் எண்டது வேற வேலை. வார்ட்டில வருஷக்கணக்கா நிண்டு, பிறகு ஒரு வருத்தத்தை மட்டும் எடுத்து, அதுக்கு மேல படிச்சு, கெட்ட செய்தி சொல்லுறதுக்கெண்டே தனியா பயிற்சி எடுத்து வந்து இருக்கிற ஆள். முந்தி எண்டால் ஜீபி அனுப்பினாப் பிறகு முதல்ல கிளினிக், சேர்ஜன் அஞ்சு நிமிஷம் கேட்டுட்டு கமரா விடோணும் எண்டு எழுதுவார், அதுக்குப் பிறகு அதுக்கொரு கியூ. இப்ப கன ஹொஸ்பிட்டல்ல அந்த முதல் கிளினிக்கை எடுத்துப்போட்டு நேர்ஸ் ஃபோனில கேட்டு நேர ரெஸ்டுக்கே அனுப்பிறா. ரத்தம் சிவப்பா கறுப்பா, எப்ப துவங்கினது, நிறை குறைஞ்சதா, என்னென்ன குளிசை, ரத்தம் கட்டிபடாமல் இருக்கக் குடுக்கிற குளிசை ஏதும் இருக்கா, சிறுநீரகம் எப்பிடி, மாடிப்படி ஏறேக்க மூச்சு வாங்குதா, வீட்டில ஆர் கூட இருக்கினம், எல்லாம் கேட்டுத்தான் கொலனொஸ்கொபி, அதாவது பின்பக்கத்தால குடலுக்குள்ள கமரா விடுறது, தாங்குவாரா இல்லாட்டி ஸ்கான் மாதிரி ஏதாவது செய்யிறதா எண்டு முடிவெடுக்கிறது. இதை மகளிட்ட கேட்டு எழுத ஏலாது. கக்கூசில என்ன நடக்குது எண்டு அப்பாக்குத் தான் தெரியும், அதை மகளுக்கு அவர் முழுக்கச் சொல்லியிருக்கவும் மாட்டார், எந்த அப்பா சொல்லுவார்.

மக்மிலன் எண்ட பேருக்கும் பயப்பிடாதேங்கோ. அது 1911 இல டக்ளஸ் மக்மிலன் எண்டவர் தன்ர தகப்பன் கான்சரில செத்த பிறகு துவங்கின தர்ம ஸ்தாபனம். 1975 இல இருந்து நேர்ஸ்மாருக்குக் காசு குடுக்கினம். கன இடங்களில ஒரு நேர்ஸ் பதவிக்கு முதல் கொஞ்ச வருஷச் சம்பளத்தை அவை குடுத்து, பிறகு ஹொஸ்பிட்டல் பொறுப்பெடுக்கும், பேர் மட்டும் பதவியோட ஒட்டிக்கொண்டு நிக்கும். கடைசிக் காலத்தில வீட்டுக்கு வந்து பாக்கிற மக்மிலன் நேர்ஸ்மாரும் இருக்கினம் தான், அதால தான் மக்மிலன் வந்தால் முடிஞ்சுது எண்டு வெள்ளைக்காரரே பயப்பிடுறவை, ஆனால் லெற்றரில அந்தப் பேர் இருக்கிறது சம்பளக் கதை, அப்பாவின்ர உடம்புக் கதை இல்லை.

இனி உண்மையான விஷயத்துக்கு வாறன். அப்பாக்குச் சொல்லாதேங்கோ எண்டு அந்த நேர்ஸிட்ட கேக்கலாமா? கேக்கலாம், அவ கோவிக்கமாட்டா, எங்களிட்ட எங்கட ஆக்கள் மட்டும் இல்லை, எல்லா நாட்டு ஆக்களும் கேக்கிறவை தான். ஆனால் அவவால அதுக்கு ஓம் சொல்ல ஏலாது. 2005 இல வந்த மென்ரல் கப்பாசிற்றி சட்டப்படி, விளங்கி முடிவெடுக்கக் கூடிய ஒரு பெரிய மனுசன்ர உடம்பைப் பற்றி அவர் தான் முடிவெடுக்கோணும், மகள் இல்லை, மனுசி இல்லை, மூத்த மகன் இல்லை. என்ன தேடுறம் எண்டு சொல்லாமல் அவருக்குள்ள கமரா விடவும் ஏலாது, சம்மதப் பேப்பரில அவர் தான் கையெழுத்துப் போடோணும்.

சட்டத்தை விடுங்கோ. நான் இந்த வேலைக்கு வந்த புதுசில ஒரு வீட்டில நடந்ததைச் சொல்லுறன், ஆர் எண்டு தெரியாமல் இருக்க விபரங்களை மாத்திட்டன். ஒரு அம்மா, மூண்டு பிள்ளையள். மூண்டு பேரும் கொரிடோரில என்னைப் பிடிச்சு அம்மாக்கு அந்தச் சொல் சொல்லாதேங்கோ, வயித்துப்புண் எண்டு சொல்லுங்கோ எண்டு அழுதவை. நான் தமிழ் எண்டபடியால் எனக்கு விளங்கும் எண்டு அவை நினைச்சவை, எனக்கும் விளங்கினது, என்ர அம்மா எண்டால் நானும் அப்பிடித்தான் கேட்டிருப்பன். உள்ளுக்குப் போனன். பிள்ளையள் தேத்தண்ணி வாங்கப் போன நேரம் அந்த அம்மா என்ர கையைப் பிடிச்சுக் கேட்டா, பிள்ளை, எனக்குக் கான்சர் எண்டு எனக்குத் தெரியும், என்ர பிள்ளையளுக்கு மட்டும் சொல்லிப் போடாதை, தாங்கமாட்டினம் எண்டு. ஒரே வீட்டில நாலு பேரும் தனித்தனிய இருந்து அழுதிருக்கினம், ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல். அண்டைக்கு நான் அந்த மூண்டு பேரையும் உள்ளுக்குக் கூப்பிட்டு, அம்மாவைக் கேட்டு, அவவையே சொல்ல வைச்சன். அதுக்குப் பிறகு அவை நாலு பேரும் ஒரு மேசையில இருந்து சாப்பிட்டவை எண்டு அந்த அம்மா எனக்கு அடுத்த கிளினிக்கில சொன்னவ.

உங்கட அப்பாவை யோசிச்சுப் பாருங்கோ தங்கச்சி. ரத்தத்தைக் கண்டது அவர். ரெண்டு மாசம் தனக்குள்ளயே வைச்சிருந்துபோட்டு ஜீபியிட்ட போனது அவர். சொந்தத் தமையனை மகரகமவுக்குக் குடுத்த ஆள், ரத்தம் எண்டதும் அவருக்கு முதல் என்ன ஞாபகம் வந்திருக்கும் எண்டு நினைக்கிறியள்? நீங்கள் ஒளிச்சு வைச்ச அந்தச் சொல் அவரின்ர மனசில உங்களுக்கு முந்தியே வந்து இருந்திருக்கும். அவரை அதோட தனிய விட்டிருக்கிறியள், அவ்வளவு தான் அந்த ஒளிப்பு செய்யிறது. கடுமையாச் சொல்லுறன் எண்டு நினைக்காதேங்கோ, பாசத்தில செய்தது எண்டு எனக்குத் தெரியும்.

ஆனால் உங்களுக்கு வேண்டியது கிடைக்கிற வழி ஒண்டு இருக்கு, கனபேருக்கு இது தெரியாது. எல்லாத்தையும் கேட்டே தீரோணும் எண்டு அப்பாக்கு ஒரு கட்டாயமும் இல்லை. எவ்வளவு தெரிய விருப்பம், ஆரிட்டச் சொல்லட்டும் எண்டு அந்த நேர்ஸ் அவரிட்டக் கேக்கலாம், கேக்கவும் வேணும். அவர், எனக்கு விபரம் வேண்டாம் பிள்ளை, மகளிட்டச் சொல்லுங்கோ, அவள் பாப்பாள் எண்டு சொன்னால் அதை அவ ஃபைலில எழுதுவா, அண்டையில இருந்து அவ உங்களோட தாராளமாக் கதைப்பா, ரிசல்ட் வாற நாளிலயும் உங்களுக்குத் தான் ஃபோன் வரும். நீங்கள் கேட்ட அதே விஷயம் தான், ஆனால் அப்பா குடுத்ததா இருக்கும். எங்கட அப்பாமாரில கனபேர் இதைத் தான் தெரிவு செய்யிறவை எண்டதையும் நான் பாத்திருக்கிறன், வேற சிலர் நிமிந்து இருந்து ஒவ்வொரு கேள்வியா தாங்களே கேக்கிறவை, பிள்ளையள் வாயைப் பிளந்து பாத்துக்கொண்டு இருப்பினம்.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் ஒண்டு சொல்லோணும். நீங்கள் பக்கத்தில இருங்கோ, கையைப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ, ஆனால் மொழிபெயர்க்காதேங்கோ. தமிழ் இன்ரப்பிரட்டர் வேணும் எண்டு நேர்ஸிட்டச் சொன்னால் ஹொஸ்பிட்டல் ஒழுங்கு செய்யும், காசில்லை, ஃபோனிலயும் எடுப்பினம், இலங்கைத் தமிழ் எண்டு சொல்லிக் கேளுங்கோ. ஏன் சொல்லுறன் எண்டால், எங்கட மொழியில கட்டி எண்டு ஒரு சொல் கிடக்கு, முதுகில வாற சிலந்தியும் கட்டி, குடல்ல இருக்கிற சின்ன முளையும் கட்டி, கான்சரும் கட்டி. பாசமான மகள் மொழிபெயர்க்கேக்க எல்லாமே சின்னக் கட்டி ஆகிடும், பிறகு டொக்டர் ஒப்பரேஷன் எண்டு சொல்லேக்க அப்பா, சின்னக் கட்டிக்கு ஏன் வயித்தை வெட்டுறது எண்டு கேட்டு மாட்டன் எண்டு நிப்பார். இது நான் கண்ணால கண்டது. அப்பிடி எழும்பிப் போன ஒருத்தர் திரும்பி வர மூண்டு மாசம் எடுத்தது.

இனி என்ன நடக்கும் எண்டு கெதியாச் சொல்லுறன். ரெஃபரல் போன நாளில இருந்து 28 நாளுக்குள்ள கான்சரா இல்லையா எண்டு அப்பாக்குச் சொல்லோணும் எண்டது தான் இங்கிலாந்தில இலக்கு, முந்தி ரெண்டு கிழமைக்குள்ள ஸ்பெஷலிஸ்டைக் காணோணும் எண்டு இருந்தது, அதை 2023 ஒக்டோபரில எடுத்திட்டினம், ஆனால் ஆக்கள் இன்னும் ரூ வீக் வெயிற் எண்டு தான் சொல்லுவினம். எல்லாருக்கும் அந்த 28 நாள் சரி வாறேல்லை எண்டதையும் மறைக்கமாட்டன், பிந்தினால் நீங்கள் கேக்கிற ஆள் ஜீபி இல்லை, இந்த நேர்ஸ் தான். எந்த ரெஸ்ட் எங்க நிக்குது, பயொப்சி, கிள்ளி எடுத்த சதைத் துண்டின்ர ரிசல்ட், வந்திட்டுதா, ஆர் தள்ளோணும் எண்டு அவவுக்குத் தான் தெரியும், அவ இருக்கிறதே அந்த நூல் அறாமல் பிடிக்க.

கொலனொஸ்கொபி எண்டால் குடல் வெளிக்கோணும். இதில எங்கட ஆக்கள் தான் கூட மாட்டுப்படுறவை, ஏன் எண்டால் ஹொஸ்பிட்டல் தாற தாளில பாணும் உருளைக்கிழங்கும் கிடக்கும், சோறு கறி இருக்காது. பொதுவா, முதல் ரெண்டு மூண்டு நாளுக்குக் குத்தரிசிச் சோறு வேண்டாம், வெள்ளைச் சோறு ஓகே, ஆட்டா மா, சிவப்பரிசிமாப் புட்டு வேண்டாம், வெள்ளை மா இடியப்பம் சாப்பிடலாம், சொதி வடிச்சுப்போட்டு விடலாம், தேங்காய்ப்பூ சம்பல் கூடாது, கீரை, முருங்கைக்காய், பருப்பு, கடலை, கச்சான், விதையுள்ள மரக்கறி கூடாது, மீன், முட்டை, கோழி சாப்பிடலாம். கடைசி நாள் தெளிவான தண்ணி வகை மட்டும், அதுக்குப் பால் இல்லாத பிளேன்ரீ நல்ல விஷயம், அப்பாக்குப் பிடிக்கும் எண்டு நினைக்கிறன். நெக்டோ மாதிரி சிவப்புச் சோடா கூடாது, கமராவில ரத்தம் மாதிரித் தெரியும். இரும்புக் குளிசை எடுக்கிறவர் எண்டால் ஒரு கிழமைக்கு முதல் நிப்பாட்டோணும். சீனிக் குளிசையும் இன்சுலினும் எப்பிடி எடுக்கிறது எண்டு அந்த நேர்ஸிட்டக் கேளுங்கோ, நீங்களா நிப்பாட்டாதேங்கோ, சாப்பாடு இல்லாத நாளில சீனி குறைஞ்சு மயங்கி விழுந்த ஆக்கள் இருக்கினம். அவர் எடுக்கிற நாட்டு மருந்து, கஷாயம் எல்லாத்தையும் சொல்லுங்கோ. மயக்க ஊசி போட்டால் அண்டு முழுக்க ஆராவது கூட நிக்கோணும், 24 மணித்தியாலம் கார் ஓடக்கூடாது. சின்ன முளை கண்டால் அங்கயே வெட்டி எடுத்திடுவினம், கனபேருக்கு கதை அதோட முடிஞ்சிடும்.

முடியாட்டில்? கான்சர் எண்டு வந்தால் எண்டு நீங்கள் கேக்கேல்லை, ஆனால் இரவில யோசிக்கிறது அதைத் தான். அப்ப ஸ்கான் எடுப்பினம், பிறகு சேர்ஜன், கான்சர் டொக்டர், ஸ்கான் பாக்கிறவர், பயொப்சி பாக்கிறவர், நேர்ஸ் எல்லாரும் கிழமைக்கொருக்கால் ஒரு அறையில இருந்து ஒவ்வொரு ஆளாக் கதைப்பினம். அந்த அறையில மற்றவை படத்தையும் ரிப்போர்ட்டையும் பாத்திருப்பினம், அப்பாவோட கதைச்சிருக்கிறது அந்த நேர்ஸ் தான். அவருக்கு மாடிப்படி ஏலாது, மனுசிக்கு முழங்கால் நோ, ஸ்ரோமாப் பை, வயித்தில ஒட்டி மலம் சேக்கிற பை, எண்டால் பயப்பிடுறார், வெள்ளிக்கிழமையில கோயிலுக்குப் போகாமல் இருக்கமாட்டார், இதெல்லாம் அவ சொன்னால் தான் மேசைக்கு வரும். டொக்டர் செய்தி சொல்லேக்க அவவும் அறைக்குள்ள இருப்பா. டொக்டர் போன பிறகு அவ போகமாட்டா. முதல் தரம் கேக்கேக்க மண்டைக்குள்ள ஒண்டும் ஏறாது எண்டு எங்களுக்குத் தெரியும், திரும்ப முதல்ல இருந்து சொல்லுவா, நேர நம்பர் போட்ட காட் ஒண்டு தருவா, அடுத்த நாள் தானே ஃபோன் எடுப்பா. கான்சர் இல்லை எண்டு வந்தாலும், பிறகேன் ரத்தம் போனது எண்டதைக் கேட்காமல் ஃபோனை வைக்காதேங்கோ.

ஒண்டு மட்டும் கவனம். அவ 24 மணித்தியாலமும் இருக்கிற ஆள் இல்லை, இரவிலயும் சனி ஞாயிறிலயும் வொய்ஸ்மெயில் தான் போகும். ரத்தம் கட்டிகட்டியா நிக்காமல் போனால், தலை சுத்தி விழுந்தால், வயிறு ஊதி சத்தியெடுத்து காத்தும் போகாமல் இருந்தால் அவவுக்கு மெசேஜ் விட்டுட்டு இருக்காதேங்கோ, நேர ஹொஸ்பிட்டல் அவசரப் பிரிவுக்கு, ஏ அண்ட் ஈ க்குக் கொண்டு போங்கோ.

சென்னைக்குப் போறதைப் பற்றி: இப்ப வேண்டாம். அங்க நல்ல டொக்டர்மார் இல்லை எண்டு சொல்லேல்லை. நடுவில ப்ளேன் ஏறினால் இங்கத்தை அப்பொயின்ற்மென்ற் தவறும், திரும்பி வரேக்க முதல்ல இருந்து துவங்கோணும், அங்க கான்சர் எண்டு வந்தால் தூர ஊரில, அம்மா இல்லாமல், அந்தச் செய்தியை அவர் ஹொட்டல் அறையில கேக்கோணும். ரிசல்ட் வரட்டும், வைத்தியம் எங்க செய்யிறது எண்டதை அப்ப அப்பாவும் சேர்ந்து இருந்து கதைக்கலாம்.

இண்டைக்கு இரவு என்ன சொல்லுறது எண்டு தெரியாட்டில் இப்பிடித் துவங்குங்கோ: அப்பா, ஹொஸ்பிட்டல்ல இருந்து லெற்றர் வந்தது, பயத்தில நான் ஒளிச்சு வைச்சிட்டன். ரத்தம் ஏன் வருது எண்டு உள்ளுக்குப் பாக்கோணுமாம், கான்சரும் இருக்கலாம் எண்டு தேடுவினமாம், கனபேருக்கு இல்லை எண்டு தான் வாறதாம். உங்களுக்கு எல்லாம் தெரிய விருப்பமா, இல்லாட்டி என்னைக் கேக்கச் சொல்லுறீங்களா? அதுக்குப் பிறகு நீங்கள் கதைக்காதேங்கோ, அவர் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாலும் இருக்க விடுங்கோ. லெற்றரை அவரின்ர கையில குடுங்கோ, நேர்ஸின்ர நம்பர் அதில இருக்கும். நாளைக்குக் காலமை அம்மாவையும் பக்கத்தில இருத்தி, அப்பாவின்ர ஃபோனில இருந்தே எடுங்கோ, தமிழ் இன்ரப்பிரட்டர் வேணும் எண்டு மட்டும் நீங்கள் சொல்லிப்போட்டு ஃபோனை அவரிட்டக் குடுங்கோ.